அருவிச் சத்தத்தில் படித்த ஸ்பானிஷ்

“…அதெல்லாம் சரிப்பா. டிகிரி இல்லே, சர்டிபிகேட் இல்லே, இங்கிலீஷும் தடவித் தடவித்தான் வருது. உனக்கு ஸ்பானிஷ் தெரியும்னு நான் எதை வச்சு எழுதித் தர்றது? ஒரே ஒரு வாக்கியம் சொல்லு, போதும்” என்றார் அதிகாரி.

சொன்னவர் குப்புறப் படுத்திருந்தார். குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலை. மெயின் அருவிக்குப் போகிற வழியில் இருந்த பங்களாவின் பின்கட்டில், கருங்கல் பாளத்தின்மேல், இடுப்பில் ஒரு துண்டோடு கிடந்தார். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். எண்ணெய் தேய்க்கிறவர் அவர் முதுகைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்துகொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். என் சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வாயில் ஒரு மூட்டை ஸ்பானிஷ் இருந்தது. இரண்டையும் வெளியே எடுக்க முடியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்பெயினில் ஒரு ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று கோடைகாலத்தில் மூன்று மாதம் மொழி சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நடந்தது. படிப்பும் தங்கலும் இலவசம். நம் பக்கத்திலிருந்து ஒரே ஓர் ஆளை அனுப்புவார்கள். யாரை அனுப்புவது என்று எழுதிக்கொடுக்க மெட்ராஸில் ஒரு கமிட்டி. அதற்குக் காரியதரிசி இவர். டெல்லியில் பிறந்து வளர்ந்து மெட்ராஸுக்கு வந்தவர். நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். ‘சீசனுக்குக் குற்றாலம் வருகிறேன், அங்கே வந்து பார்க்கவும்’ என்று பதில் வந்தது. தென்காசி கடைத்தெருவில் எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பதில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்று மைல் தள்ளி ஸ்பெயினே வந்து இறங்கின மாதிரி இருந்தது.

அப்புறம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில், எண்ணெய்த் தலையோடு இருக்கிற மனிதரைக் கும்பிடமாட்டோம். அவர் கையில் எதையும் கொடுக்கமாட்டோம். அவரிடம் நல்ல காரியம் பேச்சு எடுக்கமாட்டோம். விடைபெறவும் மாட்டோம். எங்கள் அண்ணன் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில் வாசலில் லாரி வந்து நின்றாலும் விலை பேசமாட்டார். தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் வாய் திறப்பார். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. செருப்பை வெளியே விடுகிற மாதிரி தானாக வருவது.

நான் எங்கே போய் ஸ்பானிஷ் படித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக்கொடுக்க ஒரு ஸ்பெயின்காரன் கூடவே வந்தான். என் வயதுதான் இருக்கும். ஒருநாள் மண்டி வாசலில் நின்று, புளியங்குடியிலிருந்து வந்து இறங்கிய மூட்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான்.

“ஏலே, பழத்தக் கீறிப்புட்டான். அவன் தலையிலயே கட்டுலே அத” என்றார் அண்ணன் உள்ளேயிருந்து.

அவன் கண்ணைத் திறந்து “லிமோன்” என்றான். பிறகு கையால் தோப்பு காட்டினான், மரம் காட்டினான், மரத்தின்கீழ் ஒரு மீசைக்காரரைக் காட்டினான். அவனுடைய அப்பாவும் எலுமிச்சை விவசாயி. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று பிற்பாடுதான் புரிந்தது. நடுவில் மூன்றாவது ஆள் இல்லாமல் நாங்கள் நேராகப் பேசப் பழகினோம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குற்றாலம். அருவிக்கடியில் நின்றுகொண்டுதான் பாடம். தண்ணீருக்கு அவன் ஒரு வார்த்தை சொல்வான், நான் ஒரு வார்த்தை சொல்வேன். குளிருக்கு, பாறைக்கு, வழுக்குவதற்கு, வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போன குரங்குக்கு. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினால்தான் ஓர் எழுத்தாவது காதில் ஏறும். அதனால் நான் படித்தது முழுக்கக் கத்துகிற ஸ்பானிஷ். மெதுவாகப் பேசினால் எனக்கு வார்த்தையே வராது. அவனும் எண்ணெய் தேய்த்துக்கொள்வான். அப்போது “மாஸ் ஃபுவெர்த்தே” என்று கத்துவான். இன்னும் பலமாக என்று அர்த்தம். தேய்க்கிறவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது. மதுரைக்காரர் வந்து படுத்தாலும் கொல்லத்துக்காரர் வந்து படுத்தாலும் “மாஸ் ஃபுவெர்த்தேயா?” என்று கேட்டுக்கொண்டுதான் கையை வைப்பார்.

இரண்டு சீசன் முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். எனக்குப் பைத்தியம் தெளியவில்லை. மெட்ராஸ் நடைபாதையில் ஒரு பழைய ஸ்பானிஷ் பாடப்புத்தகம் வாங்கினேன். அது இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம். சரி என்று முதலில் இங்கிலீஷைப் படித்தேன். ஊரெல்லாம் உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் படித்தபோது ஸ்பானிஷுக்காக இங்கிலீஷ் படித்தவன் தென்காசியில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை ஒரே ஒரு கேள்வி. எதற்கு? முடிவெட்டப் போனால் கேட்டார்கள். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் கேட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் என் பெண்டாட்டியிடம், “ஒம் வீட்டுக்காரனுக்கு உள்ளுக்குள்ள எதுவும் காய்ச்சல் இருக்கான்னு பாரு தாயி” என்றார். சாயங்காலமெல்லாம் சீட்டுக்கட்டைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனோடு பேச ஆசைப்பட்டால் மட்டும் கணக்குக் கேட்டார்கள்.

அண்ணன் கேட்டது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். “ஏலே, மேக்க போனா செங்கோட்ட. கெழக்க போனா சொரண்ட. ரெண்டுக்கும் நடுவுல எவன்லே இருக்கான் ஒன்கிட்ட அந்தப் பாஷ பேசுததுக்கு? நீ வாட்டுக்கு வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டுத் திரியுத. ஏவாரி ஒருத்தன், ஒந் தம்பி என்ன மந்திரமா சொல்லுதான்னு கேக்கான்.”

ஆனால் அதிகாரியைப் பார்க்கப் போகிற அன்று விடியும் முன்பே அந்த அண்ணன்தான் மூட்டைகளைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது, கையில் ஒரு எலுமிச்சம்பழமாவது வேண்டும். எலுமிச்சை வியாபாரி வீட்டிலிருந்து போகிற பழம் சாதாரணமாக இருக்கலாமா? ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, புள்ளி இல்லாமல், காம்பு காயாமல், தங்கக் காசு மாதிரி ஒன்றை எடுத்து என் சட்டைப்பையில் அவரே போட்டார்.

“குத்தாலத்துல இருக்காரு. எண்ணெயும் துண்டுமாத்தான் இருப்பாரு. அப்பம் கொண்டு போயி நீட்டிராத. குளிச்சி ஏறுனபெறவு ரெண்டு கையாலயும் குடு.”

“சரிண்ணே.”

“பேச்சும் அப்படித்தான். அவசரப்பட்டு வாயக் குடுத்துராத.”

இப்படிச் சொல்லி அனுப்பப்பட்டவன்தான் கல்பாளத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி ஒரு வாக்கியம் கேட்கிறார். நான் என்ன செய்ய?

“குளிச்சிட்டு வாங்கய்யா, பேசுதேன்” என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். “என்னது? என்னைக் குளிக்கச் சொல்றியா நீ?”

எண்ணெய் தேய்க்கிறவர் பதறிப்போனார். “ஐயா, தப்பா நெனைக்காதீய. எண்ணெத் தலையோட இருக்கையில நல்ல காரியம் பேசமாட்டாக இங்கன. ஒங்க மேல உள்ள மரியாததான்.”

“நல்லா இருக்கே. எண்ணெய் என் தலையில இருந்தா இவனுக்கு ஸ்பானிஷ் மறந்துடுமா?” என்று சிரித்தார். சிரிப்பில் முதுகு குலுங்கி எண்ணெய் வழிந்தது. “பிழைக்கத் தெரிஞ்ச ஆள்தான்யா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன். எலுமிச்சங்காய் விக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலை?”

பழத்தைக் காய் என்கிறார். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, தேய்க்கிறவர் தோள்பட்டையில் ஒரு தட்டுத் தட்டி, “மாஸ் ஃபுவெர்த்தேயா ஐயா?” என்றார் வழக்கம்போல.

“என்ன சொன்னே?”

“அழுத்தித் தேய்க்கவான்னு கேட்டேன்யா.”

“உங்க திருநெல்வேலித் தமிழ் எனக்குப் பாதி விளங்கறதே இல்லைப்பா” என்றார் ஸ்பானிஷ் கமிட்டியின் காரியதரிசி.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த மனிதருக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடக் காதால் கேட்டுப் பழக்கமில்லை. இவர் என்னைப் பரீட்சை செய்கிறார். நான் சரியாகச் சொன்னாலும் இவருக்குத் தெரியாது, தப்பாகச் சொன்னாலும் தெரியாது. நான் இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று தமிழில் தாலாட்டுப் பாடியிருந்தாலும் பாஸ் போட்டிருப்பார். வாயைத் திறக்காததுதான் குற்றம். இன்றைக்கு இதை எழுதும்போதும் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

அவர் எழுந்து துண்டை இறுக்கிக் கட்டினார். “நாளைக்கு மெட்ராஸுக்கு எழுதிடறேன். நேர்ல விசாரிச்சேன், ஒரு வார்த்தை வரலைன்னு. நீ வேணா போகலாம்.”

போகலாமாம். எண்ணெய்த் தலையரிடம் விடைபெறுவது எப்படி? மூன்று மாத ஸ்பெயின் கண்ணெதிரே எண்ணெயோடு எண்ணெயாக வழிந்துகொண்டிருக்கிறது, நானோ போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவர் பின்னாலேயே நடந்தேன். எண்ணெய்க்காரர் சீயக்காய்ப் பொட்டலத்தோடு என் கூடவே வந்து காதருகில் சொன்னார்: “தண்ணி விழுந்ததும் புடிச்சிக்கிரும் அண்ணாச்சி. வுட்றாதீய.”

அதிகாரி அருவிக்குள் நுழைந்தார். நான் சட்டை வேட்டியோடு அவர் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. ஆயிற்று, இனி தடையில்லை. அந்த இடமும் எனக்குத் தோதான இடம். அங்கேதானே படித்தேன்.

கத்தினேன். நான் யார், என் ஊர் எது, அப்பா என்ன செய்தார், அண்ணன் என்ன செய்கிறார், எலுமிச்சை எந்த மாதம் பூக்கும், எந்த மாதம் பழுக்கும், யாரிடம் படித்தேன், ஏன் படித்தேன், பழத்தைக் காய் என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஸ்பானிஷில் கத்தினேன். அதிகாரி தன் காதைக் காட்டிக் கையை விரித்தார். இன்னும் கத்தினேன்.

“யாருலே அது, அருவியோட சண்ட போடுதான்” என்றார் குளித்துக்கொண்டிருந்த ஒருவர்.

“மலையாளமா இருக்கும்.”

“மலையாளம் எனக்குத் தெரியாதாலே? இது வேற என்னமோ. கிறுக்கு முத்திப்போச்சு.”

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், அருவியையே அதட்டுகிற மாதிரி, “மாஸ் ஃபுவெர்த்தே” என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்க்காரரும் திரும்பிப் பார்த்தார், தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று. பெண்கள் குளிக்கிற இடத்தின் ஓரத்தில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்த பருத்திக் கவுனில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். நாற்பது வயது இருக்கலாம். அந்தக் கோடை வகுப்பின் ஆசிரியை. அந்த வருஷம் வகுப்புக்கு லீவு போட்டுவிட்டு நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவரை அதிகாரிதான் விருந்தாளியாகக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார். பரீட்சை வைக்கத் தெரிந்த ஆளை அருவியில் குளிக்க விட்டுவிட்டு இவர் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறார்.

அந்த அம்மாள் ஸ்பானிஷில் பேசியது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவேதான் காதில் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

“யாருப்பா அது, தண்ணிக்குள்ள நின்னு எங்க பாஷையில ஏசுதது?”

“ஏசலம்மா, பேசுதேன்.”

“யாருகிட்ட?”

“இந்த ஐயாகிட்ட.”

“அவருக்குத்தான் எங்க பாஷ தெரியாதே.”

“எனக்குத் தெரியாதுன்னு அவருல்லா சொல்லுதாரு.”

“எங்க படிச்ச?”

“இங்கன.”

“இங்கனன்னா?”

“இந்தத் தண்ணிக்குள்ளதான்.”

அந்த அம்மாள் கம்பியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பேச்சப் பாரு. எங்க தெக்கத்தி வண்டிக்காரன் கழுதைய வெரட்டுத மாதிரியே இருக்கு.”

“வண்டிக்காரனும் பேசத்தானம்மா செய்யுதான்.”

அதற்கும் ஒரு சிரிப்பு. சுற்றி நின்ற ஆண்களும் பெண்களும் குளிப்பதை விட்டுவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அவர் கையைக் குவித்துக்கொண்டு இங்கிலீஷில் அதிகாரியைப் பார்த்துக் கத்தினார். இவனை அனுப்புங்கள், எனக்கு இவன்தான் வேண்டும். அவ்வளவு நேரம் என் குரல் கேட்காத அதிகாரிக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. “எஸ், எஸ்” என்றார், வாயில் தண்ணீரோடு.

அந்த ‘எஸ்’ஸில்தான் நான் அடுத்த கோடையில் ஸ்பெயின் போனேன்.

போன இடத்திலும் கோபத்துக்குக் குறைவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் வாரத்துக்கு ஒரு குளியல்தான் என்று சட்டம் போட்டார். குற்றாலத்துத் தண்ணீரில் ஊறினவனுக்கு வாரத்துக்கு ஒரு குளி. கேட்டால், அப்படி என்ன அழுக்கு ஒட்டுகிறது உன்மேல் என்றார். அந்த ஊரில் எண்ணெய் ஆறாக ஓடுகிறது. ரொட்டியில் எண்ணெய், கீரையில் எண்ணெய், முட்டையை எண்ணெயில் நீந்த விடுகிறார்கள். தலைக்கு மட்டும் ஒரு சொட்டு வைக்கமாட்டார்கள். ஒரு சனிக்கிழமை நான் சமையலறை எண்ணெயைக் கொஞ்சம் எடுத்து உச்சியில் வைத்துக்கொண்டேன். தலையணை உறையைத் தூக்கிக் காட்டி அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் நான் கற்றுக்கொண்ட வார்த்தைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் உரக்கப் பேசுவதில் மட்டும் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. அங்கே எல்லோருமே அருவிக்கரையில் நிற்பவர்கள் மாதிரிதான் பேசுகிறார்கள்.

என் சிநேகிதன் ஊருக்கும் போனேன். அவன் தோப்பில் ஒரு கழுதையை “ஏலே, ஏலே” என்று அதட்டிக்கொண்டிருந்தான். தன் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு மூன்று தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தான். இது எதற்கு என்று அவனுடைய அண்ணன் தினமும் கேட்கிறானாம். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து அண்ணன்மார்களை ஏசிய ஏச்சு, இரண்டு மொழியிலும், மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் அந்த ஆசிரியை மேல்தான். நல்லவர், எனக்கு உயிர் கொடுத்த மாதிரி ஓர் உபகாரம் செய்தவர், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வகுப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னை எழுப்பி நிறுத்தி, இவனை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா என்று அருவிக் கதையை ஆரம்பிப்பார். கதை சரியாகவே போகும். முடிவில் மட்டும், பெண்கள் பக்கத்திலிருந்து தான் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லி, அது இவர்கள் நாட்டு வழக்கம் என்பார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நான் உடனே ஆரம்பித்துவிடுவேன். இல்லையம்மா, அப்படி ஒரு வழக்கம் எங்களுக்கு இல்லை, எந்த ஊரிலும் இல்லை, எலுமிச்சம்பழம் என்றால் என்ன, அதை ஏன் கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம் என்று. ஒவ்வொரு முறையும் புதிய வார்த்தைகள் தேடி, நாக்கு புரளாத வினைச்சொல்லையெல்லாம் புரட்டி எடுத்துச் சண்டை போட்டேன். பாடத்தில் திருந்தாத என் ஸ்பானிஷ் அந்தச் சண்டையில்தான் திருந்தியது. ஆனாலும் அவர் நம்பவில்லை. என் கண்ணால் பார்த்தேனே என்பார். கண்ணால் பார்த்தவரை என்ன செய்வது?

அவர் பார்த்தது இதுதான். அதிகாரி “எஸ், எஸ்” என்று சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்துத் திரும்பி, “பார்த்தியா, நான்தானே உன்னை இங்கே வரச் சொன்னேன்” என்றார். இது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. சட்டைப்பையில் கைவிட்டேன். பழம் இருந்தது. தண்ணீரில் கழுவி இன்னும் பளபளவென்று இருந்தது. யாருக்கு அது சேரவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெண்கள் பக்கம் நான் போகமுடியாது. அதிகாரியிடம் இரண்டு கையாலும் நீட்டி, “அந்த அம்மாகிட்டக் குடுத்துருங்கய்யா” என்றேன். பேசி முடித்த தொண்டை கம்மிப்போயிருந்தது. இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை.

அண்ணன் விடிவதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக உருட்டித் தேடிய பழத்தை அதிகாரி ஒற்றைக் கையால் வாங்கினார். சீயக்காய் இன்னும் போடாத தன் தலையை ஒருதரம் தடவிப் பார்த்தார். பழத்தைப் பாறை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை உச்சியிலும் மறு பாதியைப் பிடரியிலும் வைத்து, எண்ணெய் போகும்வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.